அருவியும் அரைப்பேரும்

இயற்கையின் அழகு எல்லோருக்கும் பொதுவானது என்பர். அழகு பொதுவாக இருக்கலாம். அதனை நின்று பார்ப்பதற்கு வேண்டிய பொழுது பொதுவானதன்று. சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை, தலவாக்கலைக்கு அருகேயுள்ள சென். கிளயர் நீர்வீழ்ச்சிக்கு நடந்து சென்றபோது இவ்வுண்மை எமக்குத் தெளிவாயிற்று.

எம்மை அழைத்துச் சென்றவன் எமது மாணவன். சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்குக் கடையொன்றில் வேலை. எனவே வாரநாளே அவனது ஓய்வு நாள். எமக்கும் அன்று பாடசாலை விடுமுறை.

பெருந்தெருவோரத்தில் சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொண்டிருந்தனர். நாம் தேயிலை மலைக்கூடாகச் செல்லும் ஒற்றையடிப் பாதையில் இறங்கினோம். கொழுந்துக் கூடையோடு ஏறியிறங்கிய கால்கள் தேய்த்து உண்டாக்கிய பாதை அது. நடுவழியில், இடுப்பிற் படங்கு கட்டிய பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டு நின்றனர். அவர்களுள் ஒருத்தி அவனது தாய். எம்மைக் கண்டு முகம் மலர்ந்தாள். கைகள் மட்டும் ஓயவில்லை.

“அம்மா ஒருநாளாவது கீழே வந்திருக்கிறாவா?” என்று கேட்டோம்.

“இல்லீங்க சேர். நிறை கொறஞ்சா அரைப்பேருதான் போடுவாங்க. ஞாயித்துக்கெழமையில வெறகு பொறுக்கணும், துணி தொவைக்கணும்.”

குறித்த நிறைக்குக் கொழுந்து கொடுக்காதவளின் முழுநாள் உழைப்பைப் பாதி நாளாகப் பதிவதே அரைப்பேர். நாள்தோறும் அருவியின் ஓசையைக் கேட்டு வேலை செய்பவள், அதனடியில் ஒரு நாழிகை அமர்ந்தவளல்லள்.

ஏறத்தாழ 80 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அருவி இது. 2012ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 150 மெகாவாற்று மேல் கொத்மலைத் திட்டம், கொத்மலை ஓயாவின் நீரைத் தலவாக்கலையில் மறித்து, ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடாக மின்நிலையத்துக்குக் கொண்டு செல்கின்றது. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும். அதனை மறுப்பது மடமை. அருவி வற்றிவிடும் என்று எதிர்ப்பு எழுந்தமையால், பகலிற் குறித்த மணித்தியாலங்கள் அதற்கு நீர் விடுவதென ஏற்பாடாயிற்று. நல்ல ஏற்பாடே. ஆனால் அருவியின் பொழுதுக்காக எழுந்த அக்கறை, அருகே கொழுந்தெடுப்பவளின் பொழுதுக்காக எழக் கண்டிலம்.

குறிஞ்சிப்பாட்டின் தலைவி தினைப்புனம் காக்கச் சென்றவள். கிளியோட்டும் வேலைக்கிடையே தோழியோடு அருவியாடினாள். மலர் கொய்து குவித்தாள். அங்கே உழைப்பும் விளையாட்டும் ஒரே பகலுக்குள் அடங்கின. புனம் அவளது குடியினருடையது, பொழுதும் அவளுடையது. இன்றைய மலையிலும் பெண் உழைக்கிறாள், அருவி விழுகிறது. ஆயின் மலை பிறருடையது. அவளது பகலோ தராசிலே தொங்குகிறது. அழகுணர்ச்சி அவளிடம் இல்லையென்று எவரேனும் கூறின், அது பழி சுமத்துவதேயாகும். அருவிக்கு வழி தெரிந்த மகனை வளர்த்தவள் அவள்.

எனவே கூலியுயர்வு மட்டும் போதாது. முழுப்பேருக்குரிய சம்பளத்தையும், அந்தி சாயுமுன் வேலை முடித்துத் தமக்கென வைத்துக்கொள்ளும் பொழுதையும் சேர்த்தே தொழிலாளர் கோருதல் வேண்டும். ‘நீர்வீழ்ச்சி’ எனத் தலைப்பிட்டு மாணவரைக் கட்டுரை எழுதச் சொல்லும் ஆசிரியர்களாகிய நாம், அதனைக் காணும் ஓய்வு யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்ற வினாவையும் அத்தலைப்பின் கீழ் எழுதிக் கொடுப்போமாக.