யாகோபின் வானொலி

நாஜிகள் காலத்து யூதர்களைப் பற்றி வாசிக்க விரும்பும் மாணவத் தோழர்களுக்கு நாம் தவறாமல் சொல்லும் நாவல், யூரேக் பெக்கரின் 'பொய்யன் யாகோப்'. 1969-இல் கிழக்கு ஜெர்மனியில் வெளிவந்தது. பெக்கர் 1937-இல் போலந்தின் லோட்ஸ் நகரில் பிறந்தவர். யூதர்களை ஊரிலிருந்து பிரித்து வேலிக்குள் பூட்டிவைத்த கெட்டோவிலும், பிறகு வதைமுகாம்களிலும் சிறுபிள்ளையாகவே அடைபட்டுக் கிடந்தவர்.

கதையில் யாகோப், சிறு தின்பண்டக்கடை நடத்திவந்த சாதாரண மனிதர். ஜெர்மானியரின் காவல் நிலையத்துக்கு அனுப்பப்பட்ட இடத்தில், ருஷ்யப் படை நெருங்கிவரும் செய்தி வானொலியில் அவர் காதில் விழுகிறது. மறுநாள், உருளைக்கிழங்கு திருடப் போய்ச் சாகவிருந்த இளைஞன் மிஷாவைத் தடுக்க அதைச் சொல்கிறார். அவன் நம்பவில்லை. அந்தக் காவல் நிலையத்துக்குள் போன யூதர் உயிரோடு திரும்பியதில்லையே! வேறு வழியின்றி, தன்னிடமே வானொலி இருப்பதாகச் சொல்லிவிடுகிறார். வானொலி வைத்திருந்தால் மரணம்.

கவனியுங்கள் தோழர்களே, செய்தி உண்மை. அது கிடைத்த விதத்தைச் சொன்னால்தான் நம்ப ஆளில்லை. உண்மை நடமாட ஒரு பொய் தேவைப்பட்டது.

அடுத்தடுத்த நாட்களில் எல்லோரும் செய்தி கேட்கிறார்கள். யாகோப் இட்டுக்கட்டிச் சொல்கிறார். கெட்டோவில் தற்கொலைகள் நின்றுபோகின்றன. ஆனால் பூட்டிய சரக்கு ரயிலுக்குள் அடைபட்டவர்களுக்கு அந்த நற்செய்தியைச் சொல்லப்போன ஹெர்ஷல் சுடப்பட்டுச் சாகிறார். யாகோப் குற்றவுணர்வில் குமைகிறார். பாரம் தாங்காமல் நண்பர் கோவால்ஸ்கியிடம் உண்மையை ஒப்புக்கொள்கிறார். கோவால்ஸ்கி தூக்குப் போட்டுக்கொள்கிறார். பொய்க்கு ஒரு பிணம், உண்மைக்கு ஒரு பிணம்.

யார் குற்றவாளி? நாம் உடனே யாகோபின் நேர்மையை எடைபோட உட்காருகிறோம். வேலி போட்டவனும் வானொலியைப் பறித்தவனும் அந்தத் தராசில் ஏறுவதே இல்லை. மனசாட்சி உள்ளவர் வருந்துகிறார் என்பதாலேயே அவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார்.

பெக்கர் யாகோபை வீரனாக்கவும் இல்லை. நாவலுக்கு இரண்டு முடிவுகள். கதைசொல்லி ஆசைப்பட்டுக் கற்பனை செய்த முடிவில் ருஷ்யப் படை வந்துவிடுகிறது. நடந்த முடிவில் எல்லோரும் ரயிலேற்றப்படுகிறார்கள்.

வன்கொடுமை வழக்குகளில், 'ஏன் உடனே புகார் தரவில்லை? முதலில் ஏன் மாற்றிச் சொன்னாய்?' என்று பாதிக்கப்பட்டவரை மடக்குவதைக் களத்தில் பலமுறை பார்த்திருக்கிறோம். உண்மையைச் சொல்ல அஞ்சும் நிலையை உண்டாக்கியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. யாகோபை வாசித்தவர்கள் அந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும்.