அப்பாவும் எண்பத்தொரு கட்டமும்

ஊரிலேருந்து பெத்தவங்களைக் கூட்டிட்டு வந்து வெச்சிருக்கிற எல்லார் வீட்டிலயும் ஒரு கேள்வி உண்டு. நாம ஆபீஸ் போய், பிள்ளைங்க ஸ்கூல் போனப்புறம் இவங்க பகல் பூரா என்னதான் பண்ணுவாங்க? புனேயில எங்க அம்மாவுக்கு இந்தப் பிரச்சனையே வரலை. வந்த மூணாம் மாசமே காய்கறி வண்டிக்காரர்கிட்ட இந்தி மாதிரி ஏதோ ஒண்ணுல பேரம் பேச ஆரம்பிச்சுட்டாங்க. அப்பா கதை வேற. 1965-ல கல்லூரி மாணவர், இந்திக்கு எதிரா ஊர்வலம் போனவர். 78 வயசுல அந்தக் கொள்கையை மாத்திக்கிற உத்தேசம் அவருக்கு இல்லை :-)

அவருக்கு வாய்ச்சது சுடோகு. பேப்பர்ல மொழி தெரியாமலே போட முடிஞ்ச ஒரே பக்கம். கூட்டுறவு வங்கியில பேரேட்டுப் பத்தியை விரலால தடவிக்கிட்டே கூட்டினவர், அதனால எண்கள் பிடிச்சிருக்குன்னு நினைச்சேன். அவர்தான் திருத்தினார். "இதுல ஏதுடா கணக்கு? ஒன்பது நம்பருக்குப் பதிலா ஒன்பது பழத்தைப் போட்டாலும் இதேதான்." நிஜம்தான். கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. எது எங்கே வர முடியாதுன்னு தள்ளிக்கிட்டே போறதுதான் ஆட்டம். ஒரு வரிசையில ரெண்டு கட்டத்துல மட்டும் 4 அல்லது 7 தான் வரமுடியும்னா, அந்த வரிசையில வேற எங்கயும் 4, 7 கிடையாது. அப்பா இதுக்கு வெச்ச பேர் 'ரிசர்வேஷன்'. எந்த சீட்டுல யாருன்னு தெரியாது, ஆனா வேற யாரும் உட்கார முடியாது. ஊகத்துல எழுதிப் பாக்கிறது அவருக்கு ஆகவே ஆகாது. பென்சில், ரப்பர், பொறுமை, அவ்வளவுதான்.

பேரைப் பாத்து இது ஜப்பான் சரக்குன்னு நினைச்சிருந்தார். பேர் மட்டும்தான் ஜப்பான். 1979-ல அமெரிக்கப் புதிர் இதழ் ஒண்ணுல வந்தது; உருவாக்கினவர்னு சொல்லப்படுற ஹோவர்ட் கார்ன்ஸ் ஓய்வு பெற்ற கட்டிடக் கலைஞர், அப்போ 74 வயசு. 2004-ல லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்குக் கொண்டுபோய் உலகம் முழுக்கப் பரவ வெச்ச வெய்ன் கூல்ட், ஹாங்காங்கில நீதிபதியா இருந்து ஓய்வு பெற்றவர். "பாத்தியா, எல்லாம் ரிடையர்டு கேசு"ன்னு அப்பாவுக்கு ஒரே பெருமை.

இதுக்கு நடுவில 'தினம் ஒரு சுடோகு போட்டா மறதி நோய் வராது'ன்னு வாட்ஸப்பில வாரம் ஒருத்தர் அனுப்புவாங்க. தேடிப் படிச்சேன். அவ்வளவு சுலபமா இல்லை. 2019-ல இங்கிலாந்தில 50 வயசு தாண்டின சுமார் 19,000 பேரைப் பாத்ததில, எண் புதிர் அடிக்கடி போடுறவங்க சோதனைகளில நல்லாவே செஞ்சாங்க. ஆனா புதிர் போட்டதால மூளை கூர்மையா, மூளை கூர்மையா இருக்கிறதால புதிர் போடுறாங்களான்னு அதை வெச்சு சொல்ல முடியாது. ஸ்காட்லாந்தில 1936-ல பிறந்த 498 பேரை வெச்சு 2018-ல வந்த ஆய்வு இன்னும் கறார்: வாழ்நாள் பூரா மூளைக்கு வேலை குடுத்தவங்க உயரமான படியிலேருந்து இறங்க ஆரம்பிக்கிறாங்க, இறங்குற வேகம் மட்டும் மத்தவங்க மாதிரியேதான். எனக்கு இதுவே போதும். உயரமான படி சின்ன விஷயமா என்ன?

ஆனா போன வருஷம் அந்தப் படியிலேயே சந்தேகம் வந்துடுச்சு. கூப்பிட்டா திரும்ப மாட்டார். சாப்பிட்டீங்களான்னு கேட்டா, மழை நின்னுடுச்சுன்னு பதில் வரும். பேரன் பேசினா சும்மா சிரிப்பார். போன்ல பேசின அத்தை என்கிட்ட மெதுவா, "அண்ணனுக்கு ஞாபகம் தப்புதாடா?"ன்னு கேட்டாங்க. தங்கமணி மட்டும், "மாமாவுக்குக் காதுதான்"னு சொல்லிக்கிட்டே இருந்தா.

நரம்பு டாக்டர்கிட்ட போனோம். இங்கேதான் நம்மள மாதிரி வெளியூர்க்காரங்க கவனிக்கணும். ஞாபக சோதனைன்னு கேக்கிற கேள்விகளில பாதி, இது எந்த மாவட்டம், எத்தனாவது மாடி, இப்போ சொன்ன மூணு வார்த்தையைத் திருப்பிச் சொல்லுங்க, இந்த ரகம். இதையெல்லாம் இந்தியில கேட்டா, இந்தி தெரியாத, காது மந்தமான ஒருத்தர் தோத்துதான் போவார். மறதியே இல்லாட்டியும்! தமிழ்ல கேக்கலாமான்னு கேட்டோம். டாக்டர் ஒத்துக்கிட்டார், ஜாடை காட்டக்கூடாதுங்கிற கண்டிஷனோட. தங்கமணி அப்பா காதுகிட்ட உரக்கச் சொன்னா. நூறிலேருந்து ஏழு ஏழா கழிக்கச் சொன்னப்போ 93, 86, 79... 65-ல போதும்னு சொல்லியும் கேக்காம 2 வரைக்கும் போய்த்தான் நிறுத்தினார்.

சுடோகு போடுறாரே, அப்போ மறதி இல்லைதானேன்னு கேட்டேன். அதை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது, பழகின வேலை ரொம்ப நாள் கூடவே வரும்னு சொல்லிட்டு, காதுப் பரிசோதனைக்கு அனுப்பினார். கீச்சுக் குரல் அலைவரிசை ரெண்டு காதிலயும் நிறைய போயிருந்தது. பொம்பளைங்க குரலும் குழந்தைங்க குரலும் முதல்ல போறது அதனாலதானாம். காது கேக்காம விட்டா மறதிக்கான ஆபத்தும் கூடும். 2024-ல லான்செட் குழு மாத்தக்கூடிய 14 காரணங்கள்னு பட்டியல் போட்டதில இதுவும் இருக்கு, தனிமையும் இருக்கு.

மிஷின் மாட்டிக்க ரெண்டு மாசம் அடம் பிடிச்சார். கரண்டி விழுந்தா இடி மாதிரி இருக்காம். இப்போ பழகிட்டார்.

தனிமைக்குத்தான் மிஷின் கிடையாது. ரெண்டு மாடி கீழ ஒரு மராத்தித் தாத்தா, ரயில்வேயில இருந்தவர், பிள்ளைங்களுக்கெல்லாம் ஆஜோபா. அவரும் சுடோகு கிறுக்குன்னு வாட்ச்மேன் சொல்லித் தெரிஞ்சது. ஒரே புதிரை ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தேன். சாயங்காலம் கீழ பெஞ்சில உட்கார்ந்து ரெண்டு பேரும் கட்டத்தை விரலால காட்டிச் சண்டை போடுறாங்க. அப்பா இந்திதான் கத்துக்க மாட்டேன்னார், மராத்தி பத்திக் கொள்கை ஏதும் இல்லை போல. ஏக், தோன், தீன்லேருந்து நஊ வரைக்கும் மனப்பாடம். கூடவே 'நாஹி'.

அடுத்த மாசம் ஆஜோபா பொண்ணு வீட்டுக்கு நாக்பூர் போறார், ரெண்டு மாசத்துக்கு. நேத்து ராத்திரி அப்பா வந்து, அவர் நம்பரை என் போன்ல போட்டுக் குடுடா, கட்டத்தை எப்படி போட்டோ எடுத்து அனுப்புறதுன்னும் சொல்லிக்குடுன்னார்.