கரை எங்க எண்டு அதுக்குத் தெரியுமோ?

கண்ணாடி துடைக்கும் ரோபோ விற்கிறவர்கள் எல்லாரும் பெட்டியின்மேல் ஓர் எண்ணைப் பெரிதாகப் போடுகிறார்கள். 2800 பாஸ்கல், 3800 பாஸ்கல், இப்போது 5500 என்றும் வந்துவிட்டது. எது பெரிய எண்ணோ அதுதான் நல்ல ரோபோ என்று பார்க்கிறவருக்குத் தோன்றும். பிரேம் இல்லாத கண்ணாடிக்கு வாங்குகிறவர் அந்த எண்ணைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அதைச் சொல்ல முதல் அந்த எண் என்னவென்று பார்த்துவிடுவோம். சின்னக் கணக்குத்தான், ஓடிவிடாதீர்கள்.

ரோபோவின் வயிற்றுக்குள் ஒரு விசிறி இருக்கிறது. அது உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று ரோபோவைக் கண்ணாடியோடு சேர்த்து அமுக்குகிறது. காற்று இழுபடும் அந்த இடம் 20 சென்ரிமீற்றர் நீளம், 20 சென்ரிமீற்றர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 2800 பாஸ்கலை அந்தப் பரப்பால் பெருக்கினால் 112 நியூட்டன் வரும். ஏறக்குறைய பதினொன்றரைக் கிலோப் பாரத்தை வைத்து அமுக்குவது போல.

இவ்வளவு பலமா என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ரோபோ விழப்போவது கண்ணாடியிலிருந்து விலகி அல்ல, வழுக்கிக் கீழேதான். அதைத் தாங்குவது உராய்வு மட்டும். துணி ஓரளவு காய்ந்திருந்து உராய்வுக் குணகம் 0.3 என்றால் மூன்றரைக் கிலோ வரை தாங்கும். ரோபோவின் எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல், ஆகவே பயமில்லை. சவர்க்காரத் தண்ணீரை அள்ளி விசிறி அதே குணகம் 0.1க்கு இறங்கினால் தாங்குவது ஒரு கிலோவும் கொஞ்சமும்தான். அதே ரோபோ, அதே 2800 பாஸ்கல்தான், ஆனால் இப்போது மெல்ல மெல்லக் கீழே வழுக்கும். தண்ணீரைக் குறைத்தாலே தீருகிற பிரச்சினைக்கு இரண்டு மடங்கு மோட்டரை விற்கிறார்கள். சத்தமும் இரண்டு மடங்கு.

எனக்கு இந்தத் தேடல் வந்தது அம்மாவால். ஸ்காபரோவில், 401 நெடுஞ்சாலை தெரிகிற ஒரு கொண்டோவின் 11ஆம் மாடியில் அம்மா இருக்கிறார். பால்கனித் தடுப்பு முழுக்கக் கண்ணாடி. ஐந்து பலகைகள். கீழ்ப்பக்கம் மட்டும் அலுமினியக் காலுக்குள் செருகியிருக்கும், மேலேயும் பக்கங்களிலும் ஒன்றும் இல்லை. இரண்டு பலகைகளுக்கு நடுவே ஒரு விரல் போகும் இடைவெளி. ஏப்ரல் வந்தால் குளிர்காலம் முழுக்கப் பிடித்த வீதித் தூசியும் உப்பும் அதில் படை படையாக இருக்கும். உட்பக்கத்தைத் துடைப்பது வேலையே இல்லை. வெளிப்பக்கத்துக்கு அம்மா கண்டுபிடித்திருந்த வழி, ஒரு சின்ன ஸ்ரூலில் ஏறி, தடுப்புக்கு மேலால் வயிறு மடிய எட்டி, நீளக் கம்பில் கட்டிய ரப்பர் வழிப்பானால் இழுப்பது. அவருக்கு 66 வயது. தம்பி ஒரு நாள் அதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினான், படத்துக்குக் கீழே ஒரு வார்த்தையும் எழுதாமல்.

அம்மாவிடம் "செய்யாதேங்கோ" என்று சொல்வது பலிக்காது. அவர் 14 வருடம் நோர்த் யோர்க்கில் இரவு நேரத்தில் அலுவலகங்கள் துப்புரவு செய்தவர். உங்களில் பலருடைய வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார். வெறுங்கதிரைகள் நிறைந்த ஒரு கூட்ட அறையில் நானும் தம்பியும் வீட்டுப்பாடம் செய்வோம், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா வழிப்பானை வளைத்து வளைத்து இழுத்துக்கொண்டு வருவார். ஒரு கோடு விழாது. கண்ணாடி அழுக்காக இருப்பது அவருக்கு ஒரு மானப் பிரச்சினை. கொண்டோ நிர்வாகம் வருடத்தில் இரண்டு தரம் கயிற்றில் ஆள் இறக்கி யன்னல்களைக் கழுவும். பால்கனிக் கண்ணாடி அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே, ரோபோ.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிரேம் உள்ள யன்னலில் ரோபோவுக்கு விளிம்பைக் கண்டுபிடிப்பது சுலபம். போய் முட்டும், முட்டினால் திரும்பும். பிரேம் இல்லாத கண்ணாடியில் முட்ட ஒன்றும் இல்லை. கண்ணாடி முடியும், அதற்கப்பால் ஆகாயம். ஆகவே மூலைகளில் சின்னத் துவாரங்கள் வைத்து, அங்கே காற்று ஒழுகத் தொடங்கியதும் "இதோ விளிம்பு" என்று அறிந்து பின்வாங்கும்படி செய்திருக்கிறார்கள். சிலவற்றில் ஒளி உணரிகள். இந்த வேறுபாடு சின்னது அல்ல. எக்கோவாக்ஸ் கொம்பனி தன் பழைய வின்பொட் 7 வரிசையில் இரண்டு மாதிரிகளை விற்றது. 710 பிரேம் உள்ள கண்ணாடிக்கு மட்டும், 730 இரண்டுக்கும். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி போல. பால்கனிக்கு 710ஐ வாங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கொரியாவில் செய்த விண்டோரோ என்ற ஒன்று வேறு வழியில் போனது. இரண்டு துண்டுகள், கண்ணாடிக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, நடுவில் காந்தம். பொறியியல் கண்ணுக்கு மிக வடிவான யோசனை. ஆனால் காந்தத்துக்குக் கண்ணாடியின் தடிப்பு முக்கியம், தடிப்புக் கூடக் கூடப் பிடி குறையும். பால்கனிக் கண்ணாடி வீட்டு யன்னல் கண்ணாடியைப் போல மெல்லியது அல்ல. அதனால் அதை விட்டுவிட்டேன்.

இப்போது வருகிற மலிவு ரோபோக்களின் விளம்பரத்தில் "எல்லாக் கண்ணாடிக்கும் ஏற்றது" என்று இருக்கும். கையேட்டைத் தரவிறக்கிப் படித்தால் மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் "பிரேம் இல்லாத கண்ணாடியில் கவனமாகப் பாவிக்கவும்" என்று இருக்கும். அந்தக் "கவனமாக" எதைக் குறிக்கிறது என்று எழுதியிருக்காது. வாங்க முதல் கையேட்டைப் படியுங்கள், விளம்பரத்தை அல்ல. நட்சத்திரம் போட்ட கருத்துகளில் 'பிரேம் இல்லாத' என்ற சொல்லைத் தேடி அவற்றை மட்டும் படியுங்கள். குளியலறைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டு ஐந்து நட்சத்திரம் போட்டவர் உங்களுக்கு உதவ மாட்டார், அவருடைய ரோபோ விழுந்தால் தொட்டிக்குள்தான் விழும்.

நம்முடையது விழுந்தால் நடைபாதையில். 11ஆம் மாடி என்றால் ஏறக்குறைய 30 மீற்றர். காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், அங்கிருந்து விழும் பொருள் நிலத்தைத் தொடும்போது மணிக்கு 87 கிலோமீற்றர் வேகம். ரொறொன்ரோக்காரருக்கு இது கற்பனை அல்ல. 2011 கோடையில் இங்கே பல கொண்டோக்களின் பால்கனிக் கண்ணாடிகள் தாமாக உடைந்து தெருவில் கொட்டின, நடைபாதைகளை மறித்தார்கள். அதன் பிறகு 2012இல் ஒன்ராறியோவின் கட்டட விதிகளில் எஸ்பி-13 என்ற பகுதி சேர்ந்தது. பால்கனித் தடுப்பில் எங்கே எந்த வகைக் கண்ணாடி போடலாம் என்று சொல்வது அது. உங்கள் கட்டடம் அதற்கு முந்தியது என்றால், ரோபோவை ஒட்ட முதல் பலகையின் ஓரங்களை ஒரு தரம் கண்ணால் பாருங்கள். வன்மையாக்கிய கண்ணாடி நடுவில் அடி தாங்கும், ஓரத்தில் சின்னச் சிதைவு இருந்தாலே பலவீனம். சிதைவு இருந்தால் ரோபோ வேண்டாம், நிர்வாகத்துக்கு எழுதுங்கள்.

இவ்வளவும் படித்து, ஓர் அட்டவணையும் போட்டு, மூன்று மாதிரிகளைத் தெரிந்து அம்மாவிடம் காட்டினேன். அவர் அட்டவணையைப் பார்க்கவில்லை.

"பிள்ளை, கரை எங்க எண்டு அதுக்குத் தெரியுமோ?"

"ஓம் அம்மா, காத்து ஒழுகினா உடன திரும்பிடும்."

"சரி. வெளிப்பக்கம் அதை ஆர் கொண்டுபோய் ஒட்டுறது?"

எந்த விளம்பரப் படத்திலும் இல்லாத கேள்வி. வெளிப்பக்கம் துடைக்க ரோபோ வேண்டும் என்கிறோம், எட்ட வேண்டாம் என்பதற்காக. அந்த ரோபோவை வெளிப்பக்கம் வைக்க ஒருவர் எட்டத்தான் வேண்டும், அதுவும் கையில் ஒரு கிலோவோடு. முடிந்ததும் எடுக்க இன்னொரு தரம். பலகைக்குப் பலகை இடைவெளி இருப்பதால் ரோபோ தானாக அடுத்ததுக்குத் தாவாது, ஆகவே ஐந்து பலகைக்குப் பத்துத் தரம். அம்மா விரலை மடக்கி எண்ணிக் காட்டினார். "நான் ஸ்ரூலில ஏறினா ஒரு தரத்தில முடிஞ்சிடும்."

அதோடு என் அட்டவணையின் வரிசை மாறிவிட்டது. முதல் கேள்வி இப்போது இதுதான்: துடைத்து முடித்த ரோபோ எங்கே போய் நிற்கும்? சில மாதிரிகள் வேலை முடிந்த இடத்திலேயே நின்று பீப் அடிக்கும். அது பலகையின் கீழ்மூலையாக இருந்தால் யார் எடுப்பது? சில மாதிரிகள் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வரும். ஒன்ராறியோவில் இந்தத் தடுப்பின் உயரம் 1070 மில்லிமீற்றர், என் நெஞ்சுக்குக் கீழே. இரண்டு காலும் நிலத்தில் ஊன்றியபடி, கையை மட்டும் மேலால் விட்டு, பலகையின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒட்டலாம். அங்கேயே அது திரும்பி வந்தால் அதே கையால் எடுக்கலாம். ஸ்ரூல் வேண்டாம், வயிறு மடியத் தேவையில்லை. இந்த ஒரு கேள்வியில் மூன்று மாதிரிகளில் இரண்டு அடிபட்டுப் போயின.

மற்றது கயிறு. எல்லா ரோபோவோடும் ஒரு பாதுகாப்புக் கயிறு வரும், யூடியூபில் பாதிப்பேர் அதைக் கட்டுவதே இல்லை. பால்கனியில் கயிறு கட்டாமல் வெளிப்பக்கம் வைப்பவரோடு எனக்குப் பேச்சு இல்லை. கட்டுவது பிளாஸ்ரிக் கதிரையில் அல்ல, அசையாத ஒன்றில். நீளத்தைக் கீழ்வீட்டுப் பால்கனிக்கு எட்டாத அளவுக்குச் சுருக்க வேண்டும். கயிறு கண்ணாடியின் மேல்விளிம்பில் உராயும், பலகைகளுக்கு நடுவே போய்ச் சிக்கவும் பார்க்கும். பழைய தோட்டக் குழாயில் ஓர் அடி வெட்டி, நீளவாக்கில் கீறி, விளிம்பின்மேல் தொப்பி போல மாட்டிவிட்டேன். மின்சாரக் கம்பியும் அதன்மேலால்தான் போகிறது. மின்சாரம் நின்றால் உள்ளே இருக்கும் பற்றறி கொஞ்ச நேரம் விசிறியைச் சுற்றி ரோபோவைப் பிடித்து வைத்திருக்கும், ஆனால் அது துடைப்பதற்கு அல்ல, நீங்கள் ஓடி வந்து எடுப்பதற்கு.

வந்த அன்று வெளியே விடவில்லை. தடுப்பின் உட்பக்கம், கீழே பழைய மெத்தையை விரித்து, ஒரு சனிக்கிழமை முழுக்கச் சோதித்தோம். ஓடும்போது பிளக்கைப் பிடுங்கினேன். நின்று, பீப் அடித்து, பிடித்துக்கொண்டது. விளிம்புக்கு நேரே ரிமோட்டால் ஓட்டினேன். மூலை சற்று வெளியே போனது, நின்றது, திரும்பியது. இருபது தரம் விட்டேன், இருபது தரமும் திரும்பியது. பிறகு அம்மா தன்னுடைய சோதனையை வைத்தார். தூசி படிந்த பலகையில் தண்ணீரை விசிறிவிட்டு ஒட்டச் சொன்னார். அரை நிமிடத்தில் ரோபோ சேற்றில் போன வண்டில் மாதிரித் தடுமாறி, ஒரு சாண் கீழே வழுக்கியது.

"தெரியும். காய்ஞ்ச தூசியில தண்ணி பட்டா சேறு. முதல்ல வெறும் துணியால தூசியை எடு, பிறகுதான் நனை. நீ மாஸ்ரர்ஸ் படிச்ச நேரம் உதைச் சொல்லித் தரேல்லையோ?"

சொல்லித் தரவில்லை. வெயில் நேரே அடிக்கும்போது துடைத்தால் தண்ணீர் துணிக்கு முன்னரே காய்ந்து கோடு விழும் என்பதும், ஒரே துணியோடு ஐந்து பலகை ஓட்டினால் முதல் பலகையின் ஊத்தை ஐந்தாவதுக்குப் போகும் என்பதும் அம்மாவின் பாடங்கள்தான். கையேட்டிலும் இருக்கின்றன, ஆனால் ஏன் என்று இல்லை.

இப்போது ஒழுங்கு இப்படி. வெளிப்பக்கம் நானோ தம்பியோ நிற்கும் நாளில் மட்டும், மப்பான நேரத்தில், கீழே நடைபாதையை எட்டிப் பார்த்துவிட்டு. ஒரு பலகைக்கு இரண்டு ஓட்டம், காய்ந்த துணியோடு ஒன்று, ஈரத்தோடு ஒன்று. உறைகுளிர் தொடங்கியதும் பெட்டிக்குள் போய்விடும். உட்பக்கம் அம்மாவின் ராச்சியம், அங்கே ரோபோவுக்கு அனுமதி இல்லை. ஸ்ரூலைத் தம்பி தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான்.

துடைப்பு எப்படி என்று கேட்டால், நூற்றுக்கு எண்பது கொடுப்பேன். மூலைகளில் ஒரு கால்வட்டம் மிஞ்சும். அம்மா கொடுப்பது அறுபது. அலுவலகங்களில் பழகிய ஒரு வித்தை அவரிடம் உண்டு. உட்பக்கத்தை எப்போதும் மேலிருந்து கீழாக மட்டும் இழுத்து முடிப்பார். எங்கள் ரோபோ வெளியே குறுக்குவாட்டில் போகிறது. கோடு விழுந்தால் அது நெடுக்கா குறுக்கா என்று பார்த்தாலே யாருடைய பிழை என்று தெரிந்துவிடும். இதுவரை நெடுக்குக் கோடு ஒன்றும் அகப்படவில்லை என்பதை அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்குச் சொல்கிறார்.

போன கிழமை போனபோது மேசையில் சதுரம் சதுரமாக வெட்டி ஓரம் தைத்த ஆறு துணிகள் இருந்தன. கொம்பனித் துணி விலை கூட என்று பழைய நூல் சீலை ஒன்றை வெட்டியிருக்கிறார், ரோபோவின் அடி அளவுக்கு மிகச் சரியாக. தையல் மடிப்பின் தடிப்பால் காற்று ஒழுகுமோ என்று எனக்குப் பயம். குளியலறைக் கண்ணாடியில், தொட்டிக்குமேல், முதலில் ஒட்டிப் பார்ப்போம் என்றேன்.

"பார், பார்," என்றார் அம்மா. "மடிப்பை உட்பக்கமாத்தான் தைச்சிருக்கிறன்."