பொட்டிக்குக் காது கேட்கணும்

மெட்ரோ ரயில், ஆபீஸ் வருகைப் பதிவுன்னு எங்க பார்த்தாலும் இப்ப தேய்க்காம காட்டுற கார்டுதான். அதுக்குள்ள பேட்டரி கிடையாது மக்களே. ரீடர் 13.56 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு அலையைப் பரப்பும். கார்டு அதுலேர்ந்தே மின்சாரம் எடுத்துக்கிட்டு, அதே அலையை லேசா இழுத்து இழுத்து விட்டு பதில் சொல்லும். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துல, கூட்டத்துக்கு நடுவுல ஒருத்தர் காதுல ரகசியம் சொல்ற மாதிரி.

அந்த ரகசியம் வர்றது 847.5 கிலோஹெர்ட்ஸ்ல (13.56ஐ 16ஆல வகுத்துப் பாருங்க). அட, இது மீடியம் வேவ் ஆச்சே! 1197ல நம்ம திருநெல்வேலி வானொலி கேட்டவங்களுக்கு அந்தக் கரகரப்பு மறந்திருக்காது. அதே கரகரப்புதான் இங்கயும் வில்லன்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரிசி ஆலை. காலையில மோட்டார் ஓட ஆரம்பிச்சா, வாசல்ல இருக்கிற ரீடர் பாதி கார்டைப் படிக்காது. கார்டு விழலைன்னா அரை நாள் கூலி போச்சு. தவிடு கூட்டுற அக்கா ஒருத்தங்க கேட்டாங்க: "ஏய்யா, நான் வந்தது ஒங்க கண்ணுக்குத் தெரியுது, இந்தப் பொட்டிக்குத் தெரியலியோ?"

மாட்டின தம்பி என்ன பண்ணியிருந்தார்னா, உள்ள இருக்கிற எம்எஃப்ஆர்சி522 சிப்போட ரிசீவர் கெயினை உச்சத்துக்கு, 48 டெசிபலுக்கு ஏத்திட்டார். காது மந்தம்னு நினைச்சுட்டார். ஆனா கெயினை ஏத்தினா ரகசியத்தோட இரைச்சலும் சேர்ந்துதானே பெருசாகும்? பொட்டி குழம்பிப் போச்சு.

ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுத்து, முள்ளை 846 பக்கத்துல வச்சு, ரீடரோட அடாப்டர் கிட்ட கொண்டு போனோம். "கர்ர்ர்ர்"னு ஒரே அலறல். சப்ளையில ஏறுற இரைச்சல் ரீடரோட அலை மேலயே சவாரி பண்ணும். ரீடருக்கு அதுவும் கார்டு பேசுற மாதிரிதான் கேட்கும்.

அடாப்டரைக் கழட்டிட்டு, டிரான்ஸ்பார்மர் வச்ச பழைய பாணி சப்ளை போட்டோம். ரேடியோ அடங்கிடுச்சு. ரீடர் இரும்புத் தூண்ல ஒட்டி இருந்துச்சு. இரும்பு ஆன்டெனாவோட சுருதியையே கலைச்சிடும், அதனால இடையில ஒரு மரப்பலகை. அப்புறம்தான் செட்டிங்ஸ்: கெயின் 38க்கு இறக்கி, எவ்வளவு பலமான சிக்னலை மட்டும் ஏத்துக்கணும்ங்கிற அளவை 8லேர்ந்து 10ஆ உயர்த்தினோம். இந்த வரிசை முக்கியம். முதல்ல இரைச்சலை நிறுத்தணும், பிறகுதான் காதைத் திருகணும்.

இப்ப கார்டை முன்னைவிட கொஞ்சம் கிட்ட காட்டணும், ஆனா மோட்டார் ஓடும்போதும் விழுது.

வர்றதுக்கு முன்னாடி மேனேஜர் அண்ணாச்சிகிட்ட ஒண்ணு சொல்லிட்டுத்தான் வந்தேன். வாசல்ல ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். பொட்டி 'வரலை'ன்னு சொன்னா, அதுக்குக் கேட்கலைன்னு மட்டும்தான் அர்த்தம். அந்த அக்கா வரலைன்னு அர்த்தம் இல்ல.