கள்ளத் தராசு

1962ஆம் ஆண்டில் எனக்குப் பதினைந்து வயது. பேராக் மாநிலத்தில், ரப்பர்த் தோட்டம் ஒன்றை ஒட்டியிருந்த மளிகைக் கடையில் எடுபிடியாக வேலை பார்த்தேன். பால்மரம் வெட்டும் மக்கள் மாதமெல்லாம் பற்றுக் கணக்கில் அரிசியும் பருப்பும் கருவாடும் வாங்குவார்கள். சம்பள நாளன்று கணக்கைத் தீர்ப்பார்கள், அதுவும் பாதியளவே. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தேவாலயத்தில் வேதபாடம் வாசிப்பது வழக்கம். கணீரென்ற குரல் என்று பெயர் எடுத்திருந்தபடியால், நீண்ட பாடங்களெல்லாம் என் தலையில்தான் விழும்.

அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தவை, பிற நாடுகளின்மீது வரவிருந்த தண்டனையைத் தீர்க்கதரிசிகள் அறிவிக்கும் பகுதிகள். நெருப்பு விழும், மதில் இடியும், அரண்மனைகள் எரியும். அழியப் போகிறவர் யாரோ, வாசிப்பவன் நான். அதில் ஒரு சுகம் இருந்ததை மறைப்பதற்கில்லை.

ஆமோஸின் நூலை வாசித்த ஞாயிறு அந்தச் சுகத்திற்கு முடிவு வந்தது. எருசலேமுக்குத் தெற்கேயுள்ள தெக்கோவா ஊரினர் ஆமோஸ். மந்தை மேய்த்தவர், காட்டத்திப் பழம் பயிரிட்டவர். தாம் தீர்க்கதரிசியின் மகன் அல்லர் என்று அவரே கூறிக்கொள்கிறார். கி.மு. எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட செழிப்பான காலத்தில், வடநாடாகிய இஸ்ரவேலுக்குச் சென்று பேசினார். ஆனால் இஸ்ரவேலைப் பற்றி அவர் பேச்சைத் தொடங்கவில்லை. தமஸ்கு, கீலேயாத் மக்களை இரும்புக் கருவிகளால் போரடித்தது என்கிறார். காசா, சிறைப்பட்ட மக்களை முழுமையாக ஏதோமுக்கு விற்றது. பின்னர் தீரு, ஏதோம், அம்மோன். இறுதியில் மோவாப்: ஏதோம் அரசனின் எலும்புகளைச் சுண்ணாம்பாகும்வரை எரித்தது.

இங்கே சற்று நிற்க வேண்டும். மோவாபின் குற்றம் இஸ்ரவேலுக்கு இழைக்கப்பட்டதே அன்று. சற்று முன்னர்த் தண்டனை பெற்ற ஏதோமுக்கு இழைக்கப்பட்டது! இந்நாடுகள் எவையும் மோசேயின் சட்டத்தைப் பெற்றவை அல்ல. விக்கிரகங்களை வணங்கியதற்காகவும் அவர் அவற்றைக் கடிந்துகொள்ளவில்லை. மனிதனை மனிதன் வதைத்ததே வழக்கு. பகைவனுடைய எலும்புக்கும் கணக்குக் கேட்கும் நீதி அது.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் தலையசைத்திருப்பார்கள், நான் வாசித்தபோது அசைத்ததைப் போலவே. அண்டை நாடுகளைச் சுற்றிச் சுற்றி வந்த சொல், யூதாவைத் தொட்டு, பின்னர் அவர்கள் வாசலிலேயே வந்து நின்றது. அங்கே இரும்புக் கருவி இல்லை, படையெடுப்பு இல்லை. எளியவனை ஒரு ஜோடு செருப்புக்கு விற்றதும், ஏழையிடம் அடகாக வாங்கிய ஆடையைப் பலிபீடத்தருகே விரித்துப் படுத்ததுமே குற்றங்கள். அடகு வாங்கிய மேலாடையைப் பொழுது சாயுமுன் திருப்பித் தரவேண்டும் என்பது சட்டம். ஏழைக்கு இரவில் போர்வை வேறில்லை. 1960ஆம் ஆண்டில், யவ்னே கடற்கரையருகே ஒரு பழங்கோட்டையில் எழுத்துப் பொறித்த மண்பாண்டச் சில்லுகள் கண்டெடுக்கப்பட்டன. ஆமோஸுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிற்பட்டவை. தன் பங்கு அறுவடையை முடித்த பின்னரும் தன் ஆடையைப் பறித்துக்கொண்டதாக ஒரு கூலியாள் அதிகாரியிடம் முறையிடுகிறான்.

எட்டாம் அதிகாரத்தில் வணிகர்கள் வருகிறார்கள். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று காத்திருக்கிறார்கள். அளவைக் குறைத்து, நிறையை உயர்த்தி, கள்ளத் தராசால் விற்பதற்கு. நம் தமிழ் வேதாகமம் அவ்விடத்தில் மரக்கால் என்னும் சொல்லை இட்டிருக்கிறது. அச்சொல்லில் என் நாக்கு இடறியது. முந்தைய நாள் மாலை, பொருள் வைக்கும் தட்டின் அடியில் கொட்டைப்பாக்கு அளவு புளியை ஒட்டியவன் நான். முதலாளி ஒருமுறைதான் சொல்லிக்கொடுத்தார். பிறகு சொல்லவேண்டிய அவசியம் நேரவில்லை. லயத்துப் பாட்டி ஒருவர் அன்று அரிசி வாங்கும்போது முள்ளைப் பார்க்கவே இல்லை. "நீ கோயில்ல வேதம் வாசிக்கிற புள்ள, தம்பி. நீ நிறுத்தா நான் பாக்க வேண்டியதில்ல" என்றார்.

கி.மு. 732இல் தமஸ்கு அசீரியரிடம் வீழ்ந்தது; பத்தாண்டுகளில் சமாரியாவும் வீழ்ந்தது. 27,290 பேரைச் சிறைகொண்டு சென்றதாக அசீரிய மன்னன் சர்கோன் கல்வெட்டில் பெருமைப்படுகிறான். ஆமோஸ் இடித்துரைத்த தந்த வேலைப்பாடுகளின் துண்டுகள் 1930களில் சமாரியாவில் தோண்டி எடுக்கப்பட்டன. சொன்னது அப்படியே பலித்தது என்று வியப்போர் உண்டு. அசீரியாவின் வளர்ச்சியைக் கண்ட எவரும் ஊகித்திருக்கலாம் என்போரும் உண்டு. அவ்வழக்கில் எனக்கு நாட்டமில்லை. ஒரு நாட்டின்மீது வரும் தீர்ப்பில் அரிசிக் கடைத் தராசும் சாட்சியாக நிற்கும் என்பதே என்னை உலுக்கியது.

அடுத்த சனிக்கிழமை நான் புளி ஒட்டவில்லை. இரண்டு வாரங்களில் முதலாளி கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை; மூட்டை தூக்கும் வேலைக்கு மாற்றினார். வேலையை உதறினேனா? இல்லை. வீட்டில் ஐந்து வயிறுகள். தராசடியில் வேறொரு பையன் நின்றான்.

பாட்டி வழக்கம்போல வந்தார். நான் மூட்டைகளின் இடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முள்ளையும் பையனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வேதம் வாசிக்கிற தம்பி இல்லையா?" என்று கேட்டார்.