சாயம் இறங்கினால் போதுமா?

தேயிலை மலையில் வாழும் நமக்குக் கோப்பி அந்நியப் பொருளன்று. நம் முன்னோர் முதன்முதலாகக் கடல் கடந்து, காட்டுவழி நடந்து இம்மலைகளுக்கு வந்தது கோப்பித் தோட்டங்களுக்காகவே. 1869-ஆம் ஆண்டில் தோன்றிய இலைத்துரு நோய் அத்தோட்டங்களைப் பாழாக்கிற்று. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் பயிரிட்ட தேயிலை பின்னர் மலையெங்கும் படர்ந்தது.

அந்தக் கோப்பி இன்று புதிய கோலத்தில் நம் வீடுகளுக்கு வருகிறது. ஒரு வேளைக்கான தூளை அடைத்த சிறு குப்பியை இயந்திரத்தில் இட்டுப் பொத்தானை அமுக்கினால், ஒரு கோப்பை கோப்பி தயார்! அக்காள் மகன் கனடாவிலிருந்து அத்தகைய இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். அதில் வடித்த கோப்பியை அருந்திய என் அன்னையார், “சாயம் எறங்கியிருக்கு தம்பி, ஆனா சப்புன்னு இருக்கே” என்றார். முப்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்தவரின் நாவை ஏமாற்ற இயலுமோ?

தேநீரைத் திடமாக்க நம்மவர் அறிந்த வழிகள் பல. தூளைக் கூட்டலாம், சாயம் விரைந்து இறங்கும் நுண்ணிய ‘டஸ்ட்’ தூளைப் போடலாம், ஊறும் நேரத்தை நீட்டலாம். குப்பி இயந்திரத்திலோ இம்மூன்றும் நம் கையில் இல்லை. வகைக்கேற்ப 5 முதல் 12 கிராம் வரையிலான தூள் முன்னரே அடைபட்டிருக்கிறது. நீரும் சிறிது நேரத்தில் ஓடி முடிந்துவிடுகிறது. நம் வசம் எஞ்சுவது தண்ணீரின் அளவு ஒன்றே. 10 கிராம் தூளினூடே 300 மில்லிலீற்றர் நீரைச் செலுத்திவிட்டுத் திடத்தைத் தேடிப் பயனில்லை. 180 மில்லிலீற்றரோடு நிறுத்திப் பாருங்கள், வேறுபாடு விளங்கும். இயந்திரத்திலுள்ள மிகச் சிறிய அளவைத் தெரிவு செய்வதே முதல் விதி.

அடுத்தது சூடு. ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் சுமார் 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். கோப்பிக்கு அச்சூடு போதுமானதே. ஆயினும் நம் ஊர்க் குளிரில் கிடந்த கோப்பையும் இயந்திரமும் அதில் ஒரு பங்கை விழுங்கிவிடும். ஆகவே குப்பியை இடுமுன் வெறும் வெந்நீரை ஒருமுறை ஓடவிட்டு, அந்நீராலேயே கோப்பையைச் சூடாக்கிக்கொள்ளல் நன்று.

மூன்றாவது விதி சற்றுக் கடினமானது. லயக் காம்பிராக்களில் ஒருமுறை வடித்த தூளில் மீண்டும் வெந்நீர் ஊற்றுவது வறுமை கற்பித்த சிக்கனம். அன்னையாரும் அவ்வாறே பழைய குப்பியை மறுமுறை ஓடவிட்டார். நிறம் வந்தது, கசப்பும் வந்தது, மணம் வரவில்லை. தூளின் நற்சுவை பெரும்பாலும் முதல் நீரிலேயே கரைந்துவிடும். பிந்தி வருவது கசப்பே. கசப்பு வேறு, திடம் வேறு.

குப்பிகள் விலை உயர்ந்தவை என்பது மெய்தான். ஒரு குப்பியை இருவர் பகிர வேண்டுமாயின், நீரைப் பெருக்காதீர்கள். குறைந்த நீரில் வடித்து ஆளுக்குப் பாதியாக அருந்துங்கள். உலகத்தார் கோப்பைகளில் சாயம் இறங்க வாழ்நாளெல்லாம் மலையேறிய பெரியவர்களுக்கு, அவர்தம் முதுமையில் நாம் வெளுத்த தண்ணீரை நீட்டுதல் முறையாகுமா?