உயிர்மேல் ஒரு கோடு

பாடசாலை விட்டபின் ஸ்பானிய மொழி கற்கத் தொடங்கிய நாட்களில், கவிதையைக் குறிக்கும் சொல்லை நண்பர் ஒருவர் முன்னிலையில் ‘பொயேசியா’ என்று வாசித்தோம். அம்மொழி அறிந்த அவர் சிரித்துவிட்டார். அது போ-எ-சீ-ஆ என நான்கு அசையாய், மூன்றாம் அசையில் அழுத்தம் பெற்று ஒலிக்கவேண்டிய சொல். உயிரை அடுத்து உயிர் நிற்கப் பொறாது யகரத்தையோ வகரத்தையோ இடையிற் செருகும் நாவு எமது. உடம்படுமெய்யை ஆண்டுதோறும் கற்பிப்பவரும் நாமே. ஆயினும் பிழைக்கு அதுமட்டும் காரணமன்று. இகரத்தின் மேலிருந்த சிறு கோட்டை வெறும் அலங்காரமென்று தள்ளிவிட்டோம்.

ஸ்பானிய உயிர்களுள் அ, எ, ஒ மூன்றும் வலியன. இ, உ இரண்டும் மெலியன. வலியன இரண்டு சந்தித்தால் தனித்தனி அசையாகப் பிரியும். மெலியது வலியதை அடுத்தால் அதனோடு கரைந்து ஓரசையாகும். கரையாது மெலியதே அழுத்தம் பெறுமாயின், அதன் தலையிற் கோடு விழும். ‘சா-பியா’ என்றால் அறிவுடையாள்; கோடிட்டு ‘ச-பீ-ஆ’ என்றால் அறிந்திருந்தான். ஒரு கீறலிற் பெயர் வினையாகிறது!

1997ஆம் ஆண்டு மெக்சிக்கோவின் சக்கதேக்காஸ் நகரிற் கூடிய ஸ்பானிய மொழி மாநாட்டிலே, கபிரியேல் கார்சியா மார்க்கேஸ் எழுத்திலக்கணத்துக்கு ஓய்வளிக்குமாறு கூறினார். கண்ணீரைக் குறிக்கும் ‘லாக்ரிமா’வைக் கோடின்றி எழுதினும் எவரும் பிழையாக வாசியார் என்பது அவர் வாதம். (அவர் பெயரிலேயே இரு கோடுகள் உள.) அவர்மீது நாம் பெருமதிப்புடையோம், எனினும் இங்கு உடன்பட இயலவில்லை. பாட்டியின் வாயிற் கேட்ட சொல்லுக்குக் கோடு வேண்டியதில்லைதான். ஆனால் 1961இல் கியூபாவில் எழுத்தறிவு பெற்ற 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோருள் ஒரு கரும்பு வெட்டும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். உபரி மதிப்பைக் குறிக்கும் ‘பிளுஸ்-வ-லீ-ஆ’ என்ற சொல்லை அவன் முன்பு எங்கே கேட்டிருப்பான்? காகிதத்திலேதான் அதனை முதன்முதற் சந்திப்பான். உயிரில் முடியும் சொல் ஈற்றயலசையில் அழுத்தம் பெறும் என்பது பொதுவிதி. கோடு இல்லையேல் அவ்விதிப்படி ‘பிளுஸ்-வா-லியா’ என்றே வாசிப்பான். ஆசிரியர் அருகில் இல்லாத இரவிலும் அவனைத் திருத்துவது அக்கோடு.

எமது ஏட்டுச் சுவடிகளிலே புள்ளியிடாது எழுதினர். எகரமும் ஏகாரமும் வேறுபாடின்றிக் கிடந்தன. முன்பே அறிந்தவனுக்கு அதனால் இடரில்லை. அறியாதவன் அறிந்தவனின் திண்ணையிற் காத்திருந்தான்.

அன்று சிரித்த நண்பரிடம் அண்மையில் அச்சொல்லை மீண்டும் வாசித்துக் காட்டினோம். நான்கு அசையும் சரியாம். யகரம் மட்டும் இன்னும் நாவில் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம்.